கணக்குக் காட்டாதார் கிளையும் குடவோலையும்

நெய்வேலி நகரியத்தில் விளங்கும் அழகிய திருச்சிற்றம்பலமுடையான் திருக்கோயிலில் ஆராய்ச்சி மணியொன்று உண்டு. அன்பர் தம் குறைகளை எழுதியிட்டு, அம்மணியை அசைத்துக் கூத்தப்பெருமான் திருமுன் முறையிடுகின்றனர். பழுப்பு நிலக்கரி அகழ்தற்பொருட்டு 1956-ஆம் ஆண்டில் நடுவணரசினர் ஒரு நிறுவனம் கண்டபின் எழுந்த புத்தூர் அது. அத்தகைய ஊரினும் திருவாரூர் மணியின் நினைவு நிலைபெற்றிருத்தல் மகிழ்தற்குரியது.

ஆரூர் மணியின் வரலாறு சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்ததே. சேக்கிழார் பெருமான் திருநகரச் சிறப்பில் விரித்தோதிய அவ்வரலாற்றைக் கேட்போர் மனம் தேர்க்காலில் பட்ட ஆன்கன்றின்மேலும், மைந்தனை ஊர்ந்த மன்னவன்மேலும் செல்லும். இடையே உயிர்விட்ட அமைச்சனை நினைப்பார் சிலரே. மனுவேந்தன் முறைசெய்ய வேண்டியவன். குற்றவாளிக்குத் தந்தையும் அவனே. கழுவாய் செய்து அமைக என்ற அமைச்சர் உரையை அவன் கொண்டிலன். பிறன் ஒருவன் செய்யின் ஒறுத்தலும், தன் மகன் செய்யின் கழுவாய் தேடுதலும் ஒரே கோலின்கீழ் நில்லா என்பது அவன் துணிபு. அத்துணிபு போற்றற்பாலதே. ஆயினும், அரசன் ஏவலையும் அரசிளங்குமரன் உயிரையும் ஒருங்கே காக்கமாட்டாத அமைச்சன் தன்னுயிரை மாய்த்தான். உறவும் முறையும் ஓரிடத்து மோதின், அருகு நிற்பாரும் அழிவர் என்பது அவன் சாவால் விளங்கும். இறைவன் திருவருளால் கன்றும் குமரனும் அமைச்சனும் மீண்டெழுந்தனர். ஊராட்சி நடத்துவார் அவ்வருளை எதிர்நோக்கி விதி வகுத்தல் இயலாது. மோதல் நேராவண்ணம் முற்படவே தடுத்தலே அவர்க்குரிய நெறி.

அந்நெறியைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் தொண்டைநாட்டு உத்தரமேரூர். முதற் பராந்தக சோழனது 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி.பி. 919, 921 என்னும் ஆண்டுகளில், அவ்வூர் மகாசபையார் வாரியத் தேர்தலுக்குச் செய்த இருவேறு வியவத்தைகள் அங்குள்ள வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. திருமால் கோயிற் சுவரென்று சைவர் இதனைப் புறக்கணித்தல் பொருந்தாது; ஊராட்சி முறை இருசமயத்தார்க்கும் பொதுவன்றோ?

ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தனர். இறைகட்டும் நிலம் கால்வேலிக்கு மேலுடைமை, தன்மனையில் வீடெடுத்திருத்தல், மறைப்பயிற்சி என்பன வேண்டப்பட்ட தகுதிகள். முதல் வியவத்தையில் 30-க்கு மேல் 60-க்கு உட்பட்டிருந்த அகவை, இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்கு உட்பட்டதாயிற்று. பிரமதேய ஊரின் அவை ஆகலின், மகளிரும் பிற குடிகளும் அதன்கண் இடம்பெற்றிலர். இக்காலத்துக் குடியாட்சி முழுதும் அன்றே இருந்ததெனப் பெருமை பேசுவார் இதனை மறைத்தல் நேர்மையன்று.

அற்றாயினும், இக்கல்வெட்டின் உயிர்நிலை தகுதி கூறும் பகுதியன்று. தகாதாரை விலக்கும் பகுதியே என்க. முதல் வியவத்தை, வாரியஞ்செய்து ஒழிந்தார்க்கு அணிய உறவினராயினாரை விலக்கிற்று. அணிய உறவு என்பது எதுவரை? அத்தை மகன் அணியனோ, மைத்துனன் அணியனோ? இரண்டே ஆண்டில் இரண்டாம் வியவத்தை எழுந்தது. அதன்கண், வாரியஞ்செய்து கணக்குக் காட்டாது இருந்தாரும், அவர்தம் சிற்றவ்வை பேரவ்வை மக்களும், அத்தை மக்களும், மாமன் மக்களும், தாயோடும் தந்தையோடும் உடன்பிறந்தாரும், தம்மோடு உடன்பிறந்தாரும், பெண்கொடுத்த மாமனும், மனைவியோடு உடன்பிறந்தாரும், உடன்பிறந்தாளை மணந்தாரும், அவள் மக்களும், மகளை மணந்த மருமகனும், தந்தையும், மகனும் குடவோலைக்கு ஆகாரென ஒவ்வோர் உறவும் பெயர்சுட்டி வரையறுக்கப்பட்டது. பொதுச்சொல் புகலிடமாயிற்று என்பதும், அதனை அடைத்தற்கே இப்பட்டியல் வேண்டிற்று என்பதும் இதனாற் கொள்ளக்கிடக்கின்றன.

கணக்குக் காட்டாதான் ஒருவன் பிழைக்கு மருமகன் என் செய்வான் என வினவலாம். மருமகன் கள்வன் என்பது சபையார் கருத்தன்று. மாமன் விழுங்கிய ஏரிப்பொன்னைத் தேடி எடுக்க வேண்டிய கை, மருமகன் கையாயிருத்தல் ஆகாது என்பதே கருத்து. அவன் நல்லனாயினும் அக்கை நடுங்கும். நடுங்காதாயினும் ஊரார் நம்பார்.

குடத்திலிருந்து ஓலை எடுத்தலினும் இவ்விழிப்பே காணப்படும். சபை நிறைவற இருக்க, உள்ளூரில் இருக்கும் நம்பிமார் ஒருவரும் ஒழியாது நடுவிருப்பர். அவருள் மூத்தார் குடத்தை எல்லாருங் காண எடுத்து நிற்பர். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத பாலன் ஒருவன் ஓலை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசித்தல் வேண்டும். பின்னர் நம்பிமார் அனைவரும் வாசிப்பர். மூடிய கை ஓலையை மாற்றும் என்பதை அறிந்தவரே இதனை வகுத்திருத்தல் வேண்டும்! கணக்கெழுதுவானும், தான் எழுதிய கணக்கை ஒப்புவித்தாலன்றி மீண்டும் அப்பணிக்கு ஆகான் என்றனர்.

விரித்த கைக்குச் சிவாலயத்தும் ஓரிடம் உண்டு. சண்டேசுரர் திருமுன் நின்று இருகையும் தட்டி, சிவன்பொருள் யாதும் கொண்டு செல்லவில்லை எனக் காட்டுதல் வழிவழி வரும் வழக்கு. சோழர் காலத்துக் கோயில் நில ஆவணங்கள் பல ஆதிசண்டேசுரர் பெயராலேயே எழுதப்பட்டன. சிவபூசைக்கு இடையூறு செய்தவன் தன் தந்தை எச்சதத்தனே ஆயினும் அவன் தாளை எறிந்த சேய்ஞலூர்ப் பிள்ளையாரே அச்சண்டேசுரர். உறவு நோக்காதவர் பெயரில் உடைமையை வைத்த குறிப்பு அறிஞர் உளங்கொள்ளத்தக்கது.

தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இல் இதனையே வேறு சொல்லாற் கூறிற்று. கோயில் நிலக்குத்தகையிலோ ஒப்பந்தத்திலோ பங்குடையானும், கோயிற்குச் செலுத்தவேண்டிய பாக்கியுடையானும் அறங்காவலன் ஆகான். நடுவணரசு ஊழியர்க்கு 1964-இல் வகுத்த நடத்தை விதிகள், தம் குடும்பத்தார் பணிபுரியும் நிறுவனத்திற்குரிய ஒப்பந்தத்தைத் தாமே முடிவுசெய்யாது மேலதிகாரிக்கு அனுப்புமாறு பணிக்கின்றன. 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டமும், இயக்குநர் தமக்குரிய நலத்தை அவையில் வெளிப்படுத்தி அப்பொருள்மீதான ஆய்வில் கலவாது விலகுமாறு விதித்துளது.

நெய்வேலி போன்ற நகரியத்தில் இது சிறு செய்தியன்று. ஒரே நிறுவனம் நிலங்கொள்கிறது, வேலை தருகிறது, ஒப்பந்தம் விடுகிறது, வீடும் ஒதுக்குகிறது. அங்கு மேசையின் ஒருபுறம் இருப்பவன் மறுபுறம் நிற்பவனுக்கு மாமனாகவோ மைத்துனனாகவோ அமைதல் எளிது. நிலமிழந்த உழவன் நீட்டும் மனு அவன் கையில் விழுகிறது. விதியோ, விலகவேண்டியவன் தானே வாய்திறந்து தன் உறவைச் சொல்லுமளவும் காத்திருக்கின்றது. உத்தரமேரூரார் அதற்குக் காத்திருந்திலர். உறவுமுறையைத் தாமே எழுதிச் சுவரில் வெட்டிவிட்டனர்.