லாரி எஞ்சின் குளிர்விப்பு: தெர்மோஸ்டாட், மின்விசிறி வெப்பநிலைகளின் வரலாறு

லாரி, பிக்கப் போன்ற சரக்கு வாகனங்களின் எஞ்சின் எந்த வெப்பநிலையில் ஓட வேண்டும் என்பதை இரண்டு உறுப்புகள் முடிவு செய்கின்றன. ஒன்று, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் செல்லும் நீரின் வழியைத் திறந்தும் மூடியும் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். மற்றொன்று, ரேடியேட்டரின் ஊடாகக் காற்றை இழுக்கும் விசிறி. தெர்மோஸ்டாட் வெப்பநிலையின் கீழ் எல்லையைக் காக்கிறது. மேல் எல்லையைக் காப்பது ரேடியேட்டரும் விசிறியும் ஆகும். இந்த வேலைப் பிரிவினையை அறியாதவர்கள், எஞ்சின் கொதித்தால் உடனே குறைந்த எண் கொண்ட தெர்மோஸ்டாட்டைத் தேடுகிறார்கள். எஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் எண்ணம். இந்த எண்ணம் உருவானதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. அந்தக் காரணம் மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

இங்கே சொல்லப்படும் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க வாகனங்களைச் சார்ந்தது. அங்கே தெர்மோஸ்டாட்டில் ஃபாரன்ஹீட் அளவை அச்சிடுவது வழக்கம். 160, 180, 195 ஆகியவை அதிகம் காணப்படும் எண்கள். செல்சியஸில் இவை முறையே ஏறத்தாழ 71, 82, 91 டிகிரி ஆகும். இனி வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் அளவில் உள்ளன.

நீர் கொதித்த காலம்

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் ஆவியாகி வெளியேறுவதன் மூலமே வெப்பம் நீங்கியது. 1888இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் தூரம் அவ்வகை வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழியெங்கும் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் 1900ஆம் ஆண்டின் இறுதியில் மெர்சிடிஸ் வண்டியில் வந்தது. 6 மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்களை அடுக்கி இணைத்த அமைப்பு அது. அதன் பின்னால் ஒரு விசிறியும் இருந்தது. வண்டி மெதுவாகச் செல்லும்போது காற்றை இழுக்க விசிறி தேவை என்ற உண்மை அப்போதே உணரப்பட்டுவிட்டது.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி, தொடக்க கால வண்டிகள் நீங்கலாக, நீர் பம்பு இல்லாமலே ஓடியது. சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற வெப்பச் சலன விதியே அதில் நீரைச் சுழற்றியது. 1917இல் அதன் அடிப்படையில் மாடல் டிடி என்ற ஒரு டன் லாரி வந்தது. இவற்றில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவும் கிடையாது. கோடையில் கொதிக்கும், பனிக்காலத்தில் சூடே ஏறாது. ஓட்டுநர்கள் பனிக்காலத்தில் அட்டையையோ போர்வையையோ ரேடியேட்டரின் முன் கட்டி ஓட்டினார்கள். கைவேலை தெர்மோஸ்டாட் என்றே அதைச் சொல்லலாம்.

71 டிகிரி எங்கிருந்து வந்தது?

கேடிலாக் நிறுவனம் 1914இல் அறிமுகப்படுத்திய எட்டு சிலிண்டர் எஞ்சினில் குளிர்விப்பு நீரைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இடம்பெற்றது. அக்காலத் தெர்மோஸ்டாட்டுகள் மெல்லிய உலோகத் துருத்தி வடிவம் கொண்டவை. துருத்திக்குள் எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். சூடு ஏறினால் ஆவி விரிந்து துருத்தியை நீட்டும், வால்வு திறக்கும்.

அது எந்த வெப்பநிலையில் திறக்க வேண்டும் என்பதை எஞ்சினின் நலனைக் காட்டிலும் ரேடியேட்டருக்குள் இருந்த திரவமே தீர்மானித்தது. குளிர் நாடுகளில் இரவில் நீர் உறைந்தால் எஞ்சினின் இரும்பு உடலே வெடித்துவிடும். அதைத் தடுக்க நீரில் ஆல்கஹால் கலந்தார்கள். மெத்தனால் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிப்பவை. நீரோடு கலந்தபோது கொதிநிலை சற்று உயர்ந்தாலும், எஞ்சின் நன்றாகச் சூடேறினால் ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும். அடுத்த பனி இரவில் பாதுகாப்பு இராது. ஆகவே தெர்மோஸ்டாட் 71 டிகிரியிலோ அதற்கும் கீழோ திறந்தாக வேண்டியிருந்தது. உறைதடுப்புத் திரவத்தைக் காப்பாற்ற எஞ்சினைக் குளிர வைத்தார்கள் என்பதே இதன் பொருள்.

1927இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் விற்பனைக்கு வந்தது. அதன் கொதிநிலை 197 டிகிரி. அது ஆவியாகி வீணாவதில்லை என்பதால் 82 டிகிரித் தெர்மோஸ்டாட் சாத்தியமாயிற்று. ஆனால் விலை அதிகம் என்பதால் ஆல்கஹாலும் பல ஆண்டுகள் உடன் புழங்கியது. எந்தத் திரவத்துக்கு எந்தத் தெர்மோஸ்டாட் என்று வாகனக் கையேடுகள் தனித்தனியே குறிப்பிட்டன.

குளிர்ந்த எஞ்சினின் தேய்மானம்

1930களில் பிரிட்டனில் சி. ஜி. வில்லியம்ஸ் சிலிண்டர் தேய்மானம் பற்றி நடத்திய ஆய்வுகள் பலரை வியக்க வைத்தன. சிலிண்டர் தேய்வதற்கு உராய்வு மட்டும் காரணமன்று, அரிப்பும் பெரிய காரணம் என்று அவை காட்டின. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. சிலிண்டர் சுவர் போதிய சூடின்றி இருந்தால் அந்த நீராவி சுவரில் பனித்துளி போலப் படியும். எரிபொருளில் உள்ள கந்தகத்தின் வாயுக்கள் அதில் கரைந்து அமிலமாகும். அமிலம் இரும்பை அரிக்க, பிஸ்டன் வளையம் அந்தத் துருவை ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுக்கும். கந்தகம் மிகுந்திருந்த அக்கால டீசலில் இந்தக் கேடு இன்னும் கடுமை. மேலும் குளிர்ந்த எஞ்சினில் எண்ணெயில் கலந்த நீர் ஆவியாக வழியில்லாமல் கசடாகத் திரளும். கொதித்து நின்ற எஞ்சினை எல்லோரும் பார்ப்பார்கள். குளிர்ந்து தேயும் எஞ்சினை ஒருவரும் கவனிப்பதில்லை.

மெழுகுத் தெர்மோஸ்டாட்

செர்ஜியஸ் வெர்னே 1930களில் உருவாக்கிய மெழுகுத் தெர்மோஸ்டாட் இன்றுவரை நிலைத்திருக்கிறது. சிறிய உலோகக் கிண்ணத்தில் செப்புப் பொடி கலந்த மெழுகு இருக்கும். மெழுகு உருகும்போது கன அளவு கூடி ஒரு தண்டைத் தள்ளும். மெழுகின் கலவையை மாற்றினால் திறக்கும் வெப்பநிலை மாறும்.

இது பழைய துருத்தியை வென்றதற்குக் காரணம் அழுத்த மூடி. ரேடியேட்டர் மூடியில் சுருள்வில் வைத்து உள்ளே அழுத்தம் கூட்டினால் கொதிநிலை உயரும். சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்த நீர் ஏறத்தாழ 129 டிகிரி வரை தாங்கும். ஆனால் அதே அழுத்தம் துருத்தியை வெளியிலிருந்து நசுக்கி, திறக்கும் வெப்பநிலையை மாற்றிவிட்டது. மெழுகுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு குறை மட்டும் உண்டு. துருத்தி ஓட்டையானால் பெரும்பாலும் திறந்த நிலையில் நிற்கும். மெழுகு கசிந்தாலோ வால்வு மூடிய நிலையிலேயே நின்று எஞ்சின் கொதிக்கும். பழுதுபார்ப்போர் தெர்மோஸ்டாட்டை நம்பாமல் போனதற்கும், அதைக் கழற்றி எறியும் பழக்கத்துக்கும் இது ஒரு காரணம். வெப்ப நாடுகளில் இது மிகுதி; தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளுக்கும் பழைய வழக்கமே.

கழற்றினால் எஞ்சின் குளிரும் என்பது எப்போதும் உண்மையன்று. பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இரண்டு வாயில்களைக் கவனிக்கிறது. குளிராக இருக்கும்போது ரேடியேட்டர் வழியை மூடி, நீரை எஞ்சினுக்குள்ளேயே திருப்பும் கிளை வழியைத் திறந்து வைக்கும். சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறந்து, அடித்தட்டால் கிளை வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் கிளை வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். சமவெளியில் வெறுமையாக ஓடும்போது தேவைக்கும் குறைவான சூடு; சுமையோடு மலை ஏறும்போது கொதிப்பு. இரண்டு கேடும் ஒரே செயலால் வந்து சேரும்.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தை ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது 91 டிகிரித் தெர்மோஸ்டாட் பரவலாயிற்று. சூடான எஞ்சினில் பெட்ரோல் முழுமையாக எரியும். கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின்கள் வந்தபின், நீர் எதிர்பார்த்த சூட்டை எட்டாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். பி0128 என்ற பிழைக் குறியீடு இதற்கென்றே உள்ளது.

விசிறியின் கதை

எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த விசிறி, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுழலும். விசிறி உறிஞ்சும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. நெடுஞ்சாலையில் விரையும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். அங்கேதான் எஞ்சினும் வேகமாகச் சுழன்று விசிறிக்கு ஆற்றலை வீணாக்குகிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடி இந்த வீண் செலவைக் கணக்குப் பார்க்க வைத்தது. தேவையானபோது மட்டும் விசிறியை இணைக்கும் கிளட்சுகள் கனரக லாரிகளில் பெருகின.

மின்விசிறி முதலில் கார்களில் வந்தது. 1961இன் ஜாகுவார் இ-டைப், 1969இன் ஃபியட் 128 ஆகியவை எடுத்துக்காட்டுகள். ஃபியட் 128இல் எஞ்சின் குறுக்காக அமைந்ததால் அதன் தண்டு ரேடியேட்டரை நோக்கி இல்லை. பெல்ட் விசிறிக்கு வசதியும் இல்லை. செவர்லே சில்வராடோ போன்ற அரை டன் பிக்கப்புகளுக்கு இரட்டை மின்விசிறி 2005 மாடல் ஆண்டில் வந்தது. அதே வரிசையின் கனரக டீசல் பிக்கப்புகள் கிளட்சு விசிறியையே வைத்துக்கொண்டன. இழுவை வண்டியோடு மலையேறும் டீசல் எஞ்சினுக்கு வேண்டிய காற்றை 12 வோல்ட் மோட்டாரால் தர இயலாது என்பதே காரணம்.

எண்களைத் தேர்ந்தெடுத்தல்

மெழுகுத் தெர்மோஸ்டாட்டில் அச்சிட்டுள்ள எண், அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலையாகும். முழுவதும் திறக்க மேலும் 8 முதல் 15 டிகிரி வரை தேவைப்படும். 82 டிகிரித் தெர்மோஸ்டாட் 92ஐ ஒட்டி முழுதாகத் திறக்கும் என்று வைத்துக்கொண்டால், விசிறி அதற்குக் கீழே ஓடுவதில் பயன் குறைவு. முதல் வேகம் 96இல் தொடங்கி 91இல் நிற்கலாம். இரண்டாம் வேகம் 102இல் தொடங்கி 97இல் நிற்கலாம். தொடங்குவதற்கும் நிற்பதற்கும் இடையே 5 டிகிரியாவது இடைவெளி இல்லாவிட்டால் ரிலே ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்து கருகும். நிற்கும் எண் தெர்மோஸ்டாட் திறக்கும் எண்ணுக்குக் கீழே இருந்தால் விசிறி நிற்கவே நிற்காது. ஏனெனில் தெர்மோஸ்டாட் நீரை அந்த அளவுக்குக் குளிர விடாது.

102 டிகிரி என்றதும் சிலர் அஞ்சுவர். அழுத்த மூடி சரியாக இருந்தால் கொதிநிலை இன்னும் வெகு தொலைவில் உள்ளது. மாறாக, நீரை 80இல் நிறுத்த முயன்றால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 40 டிகிரிக் கோடையில் நீர் 95 ஆனால் வேறுபாடு 55. நீர் 80 ஆனால் வேறுபாடு 40. அதே ரேடியேட்டர், அதே காற்று, ஆனால் வெளியேறும் வெப்பம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட விசிறி ஓயாது சுழல வேண்டும்.

உணரி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மேலே சொன்ன எண்கள் எஞ்சினிலிருந்து நீர் வெளியேறும் இடத்துக்கு உரியவை. ரேடியேட்டரில் பொருத்தும் உணரி குளிர்ந்த பக்கத்தில் இருந்தால் அதன் அளவு குறைவாகவே காட்டும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார்களின் ரேடியேட்டர் சுவிட்சு ஒன்று முதல் வேகத்தை 92 முதல் 97க்குள் தொடங்கி 84 முதல் 91க்குள் நிறுத்தும். அந்த எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டோ 87இல் திறக்கத் தொடங்கி 102இல் தான் முழுதாகத் திறக்கும். ரேடியேட்டர் பக்கத்துக்கு உரிய எண்ணை எஞ்சின் பக்க உணரிக்கு அப்படியே இடுவது வேறொரு வண்டியின் கணக்கை எழுதுவது போன்றது. குளிர்சாதனம் உள்ள வண்டிகளில் அதன் வாயு அழுத்தம் உயர்ந்தாலும் விசிறி ஓட வேண்டும். நீரின் வெப்பநிலையை மட்டும் பார்க்கும் சுவிட்சு போதாது.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கும் பழைய முறை எளிது. அதை நூலில் கட்டி நீருள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் சூடாக்கி, எப்போது திறக்கிறது என்று பார்ப்பார்கள். 1990களில் பிஎம்டபிள்யூ போன்ற நிறுவனங்கள் மெழுகுக்குள் மின்சூடேற்றி வைத்த தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்தன. இலேசான சுமையில் நீரை 100க்கு மேல் சூடாக ஓடவிட்டு, முழுச் சுமையில் மின்சாரத்தால் மெழுகை முன்கூட்டியே உருக்கி வால்வைத் திறக்கும் அமைப்பு அது. இதைப் பாத்திரத்தில் இட்டுக் கொதிக்க வைத்தால் திறக்காது. திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. பழைய முறையை மட்டும் நம்பும் பட்டறையில் நல்ல உறுப்பு பழுது என்று ஒதுக்கப்படுவது இப்படித்தான்.