ரகூவும் கறுப்புப் பையும்

நேத்து ஸ்லோ குக்கர்ல மாட்டுக்கறி, தக்காளி, பூண்டு போட்டு எட்டு மணி நேரம் விட்டேன். இத்தாலிக்காரங்க பாணி ரகூ. ஜவ்வு கரைஞ்சு குழையணும்னா சின்னச் சூடும் நேரமும்தான் வேணும். எங்க ஆயா இதையே உமி அடுப்புல, மண்சட்டியில செஞ்சது.

இத்தாலியில அந்தப் பேரே பிரெஞ்சுல இருந்து போனதுதான். புதுச்சேரிக்கும் பிரெஞ்சுக்காரங்க கொண்டு வந்தாங்க. 1954-ல எதுவார் குபேர் தலைமையில தற்காலிக அரசு அமைஞ்சது எங்க நெட்டப்பாக்கத்துலதான். அதே வருஷம் நவம்பர் 1-ல ஆட்சி இந்தியா கைக்கு வந்துச்சு. வெள்ளைக்காரன் போனான், ரகூ நின்னுடுச்சு.

டவுன் ஓட்டல்ல ரகூன்னா கௌரவம். ஆனா சின்ன வயசுல இதே கறியை நாங்க கறுப்புப் பையில மறைச்சுல்ல எடுத்துட்டு வந்தோம்! பிரெஞ்சுல சொன்னா பெருமை, தமிழ்ல சொன்னா கூச்சமா? சொல்லுங்க மக்களே...