கப்பலுக்கு முன் ஆவடி

ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை. கொஞ்சம் வயதானவர்களுக்கு 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாடு. இரண்டுக்கும் முந்திய ஆவடி ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்க் கூலிகளைத் தங்கவைத்து, உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி, நோய்க்குறி ஏதும் தென்படுகிறதா என்று ஏறக்குறைய ஒரு வாரம் பார்த்திருந்து கப்பலேற்றிய முகாம் அங்கே இருந்தது. நடத்தியது மலேய அரசு. சென்னையில் இருந்த அதன் எமிகிரேஷன் கமிஷனரின் பொறுப்பில் இப்படி இரண்டு முகாம்கள்: ஒன்று நாகப்பட்டினத்தில், மற்றது ஆவடியில். 2020க்குப் பிறகு கப்பலிலும் விமானத்திலும் ஏறக் கொரோனா சான்று கேட்டபோது, உலகத்திலேயே முதல்முறையாக இப்படி ஒரு நிபந்தனை வந்ததுபோலப் பேசிக்கொண்டோம். சென்னையின் மேற்குப் புறநகர் அதை நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்கிறது. எங்கோ உள்ளடங்கிய கிராமத்தில் இருப்பவர் அந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவார் என்ற கேள்விக்கு அன்றைக்கு ஒரு விடையும் இருந்தது. அந்த விடை கருணையில் பிறந்ததல்ல. ஆனாலும் 2021இல் அதுகூட இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில், ஏன் ஆவடி? 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போட்ட ரயில் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. சேலம், ஜோலார்பேட்டை, குடியாத்தம், காட்பாடி, அரக்கோணம் என்று மேற்கிலிருந்து வருகிற எந்த ரயிலும் பட்டணத்துக்குள் நுழையும் முன் ஆவடியைத் தாண்டியாக வேண்டும். வட ஆற்காட்டிலும் சேலத்திலும் திரட்டிய ஆட்களை நகரத்துக்குள் விடாமலே இறக்கிக்கொள்ளலாம். பிறகு அதே தண்டவாளத்தில் துறைமுகத்துக்குக் கொண்டுபோகலாம். தஞ்சை, திருச்சிப் பக்கத்து ஆட்களுக்கு நாகப்பட்டினம் இருந்தது. முந்தின தலைமுறை ஒப்பந்தக் கூலிகளுக்கு, அதாவது 1860இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கிளம்பிய காலத்தில், காத்திருக்கும் டிப்போக்கள் பட்டணத்துக்குள்ளேயே இருந்தன. காலராவும் அம்மையும் அடிக்கடி வந்துபோகும் நெரிசலுக்குள் ஆட்களை அடைத்துவைத்துவிட்டு, நோயில்லாதவர்களாகக் கப்பலேற்றப் பார்ப்பது வீண் வேலை. 1896இல் பம்பாயில் பிளேக் புகுந்த பிறகு இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலையும் அயல்நாட்டார் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். பட்டணத்துக்கு வெளியே, தண்ணீர் வசதியுள்ள, ரயிலடியை ஒட்டிய இடம் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். பக்கத்தில் பூந்தமல்லிக்கும் இதே ராசி. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களையும், நோயில் விழுந்து தேறிக்கொண்டிருந்தவர்களையும் தங்கவைக்கும் ராணுவ டிப்போ 19ஆம் நூற்றாண்டில் அங்கேதான் இருந்தது. 2020இல் விமான நிலையத்தில் இறங்கியவர்களைத் தனிமைப்படுத்தி வைக்க அரசு எடுத்துக்கொண்ட இடங்களில் பூந்தமல்லிப் பொதுச் சுகாதார நிறுவனமும் ஒன்று. பட்டணத்துக்குள் வர வேண்டாதவர்களை நிறுத்திவைக்கும் தாழ்வாரமாகவே மேற்குப் புறநகர் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது.

இனி கிராமத்திலிருந்து கப்பல் வரைக்குமான வழி. தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி, உரிமச்சீட்டோடு சொந்த ஊருக்கு வருவான். சொந்தக்காரர், தன் சாதிக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்று ஆள் பேசுவான். சேர்த்த ஆளுக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு உண்டு. பேசி முடித்தவர்களைக் கிராம முன்சீப்பின் முன் நிறுத்தி, தடையேதும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அங்கிருந்து ரயில். முகாமில் டாக்டர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், சோறு போடுவார்கள். 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, இந்திய அரசு நியமித்த அதிகாரி ஒருவர், ஆட்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்று விசாரிப்பார். பினாங்கில் இறங்கியதும் ஜெரஜாக் தீவில் இன்னொரு காத்திருப்பு. இதில் கவனிக்க வேண்டியது கணக்கின் ஆரம்பப் புள்ளி. காத்திருப்பு நாட்கள் முகாமின் வாசலில் இருந்துதான் தொடங்கின. ஊரிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆனாலும் நாலு நாள் ஆனாலும் சோதனையின் செல்லுபடிக்கு ஒரு குறையும் வராது. கிராமத்தில் டாக்டர் இருக்கிறாரா, ஊசிமருந்து இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. நிபந்தனை போட்டவர்கள் அதை நிறைவேற்றும் இடத்தையும் தாங்களே வைத்திருந்தார்கள்.

பணம் யாருடையது என்பதுதான் முக்கியம். 1907இல் மலேயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், ஆட்கள் செய்த வேலையின் கணக்குப்படி அதற்குப் பணம் கட்ட வேண்டும். கங்காணியை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். ரயில் கூலி, முகாமில் சாப்பாடு, கப்பல் கட்டணம் எல்லாம் அதிலிருந்து போயின. நேட்டால், மொரிசியசு வகையிலான ஒப்பந்தக் கூலி முறையிலும் இதே தர்க்கம் சட்டமாக எழுதப்பட்டிருந்தது. உடல்தகுதி இல்லை என்று டிப்போவில் கழித்துவிட்ட ஆளைப் பதிவு செய்த ஊருக்கே திருப்பி அனுப்பும் செலவை ஏஜெண்டின் தலையில் 1883ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. இலங்கைக்குப் போனவர்களுக்கு, முன்பு தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் இலங்கை அரசே முகாம் நடத்தியது. அங்கே இன்னொரு வசதியும் இருந்தது: தகரச் சீட்டு. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு சின்ன உலோக வட்டு. அதைக் காட்டினால் ரயிலிலும் படகிலும் ஏறலாம், செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். எழுத்துத் தெரியாதவர் கையில் ஒரு காசுகூட இல்லாமல் ராமநாதபுரத்துக் குக்கிராமத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போய்ச் சேர அந்த வட்டு போதும்.

இதைக் கேட்டால் யாருக்கும் ஓர் ஆட்சேபம் எழும், எழவும் வேண்டும். காசு கொடுத்தார்கள் என்பதற்காக அடைத்துவைத்ததைப் புகழ்வதா? முகாம் என்பது வேலிக்குள் இருக்கும் இடம். டாக்டர் பார்த்தது ஆளின் நலத்தையல்ல, வெயிலிலும் மழையிலும் பால்மரம் வெட்டத் தாங்குகிற உடம்பைத்தான். இதே கடலில் மேல்வகுப்பில் போன பயணிகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. டெக்கில் போனவர்களைத்தான் தீவில் இறக்கினார்கள். கிருமிக்கு வகுப்பு பார்க்கத் தெரியாது, சட்டத்துக்குத் தெரிந்தது. கங்காணி முறையின் கேடுகளை மலேயா சென்று பார்த்த சீனிவாச சாஸ்திரி 1937இல் அறிக்கையாகவே எழுதினார். 1938 ஜூனில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இந்த ஆட்சேபம் முகாமின் நோக்கத்தைத் தாக்குகிறது, செலவை யார் ஏற்றார்கள் என்ற ஏற்பாட்டைத் தொடவில்லை. முதலாளிகள் பணம் கட்டியது இரக்கத்தால் அல்ல, ஆள் வேண்டியிருந்ததால். தொலைவின் சுமையை ஏழையிடம் விட்டால் ஏழை வரமாட்டான், வந்தாலும் கடனாளியாக வந்து அடுத்த தோட்டத்துக்கு ஓடிவிடுவான் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். சுயநலம் போட்ட கணக்குதான் அது, ஆனாலும் தப்பில்லாத கணக்கு.

2020-22இல் அந்தச் சுமை இடம் மாறியது. நிபந்தனை அதே இடத்திலிருந்துதான் வந்தது: போய்ச் சேரும் நாடு, ஏற்றிச் செல்லும் கம்பெனி. நிறைவேற்றும் வேலை மட்டும் முழுக்கப் பயணியின் தலையில். பெரும்பாலான நாடுகள் கேட்டது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர். அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது மூக்கில் குச்சி விட்ட நிமிஷத்தில். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்குக் கோடியில், பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒருவருக்குச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மாலையில் மாதிரி கொடுத்தால் 72 மணி தாண்டிவிடும். வியாழன் காலையில் கொடுத்தால், மாதிரி வண்டியேறி ஆய்வகத்துக்குப் போய், வரிசையில் நின்று, முடிவு வெள்ளி இரவிலோ சனி காலையிலோ வரும். ஒரு நாள் தள்ளிப்போனால் டிக்கெட் போச்சு. அரசு மருத்துவமனையில் சோதனை இலவசம், ஆனால் பாஸ்போர்ட் எண்ணும் க்யூஆர் கோடும் போட்ட அறிக்கை கேட்டால் தனியார் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் கட்டணத்தின் உச்சவரம்பு 2020 ஜூனில் 3,000 ரூபாய். 2021 மே மாதத்தில்தான் 900 ஆனது. அம்பத்தூரில் இருப்பவருக்கு இது ஒரு காலை நேரத்து வேலை. பள்ளிப்பட்டுக்காரருக்கு, சென்னையில் அறை எடுத்துத் தங்குவதே பத்திரமான வழி. அதாவது ஆவடி முகாமை அவரே சொந்தச் செலவில் கட்டிக்கொள்ள வேண்டும்.

கப்பலுக்கு முன் சோதனை வேண்டியதே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' அந்த வாதத்தை முடித்துவைத்துவிட்டது. பயணிகளும் ஊழியர்களுமாகக் கப்பலில் 3,711 பேர், தொற்றியது 712 பேருக்கு. நோய் ஏறிவிட்டால் உல்லாசக் கப்பலும் ஒரு முகாம்தான், அதுவும் காற்றோட்டம் குறைந்த முகாம். கரையிலேயே வடிகட்டுவதுதான் புத்தி. வடிகட்டியை எங்கே வைப்பது, யார் காசில் வைப்பது என்பதில்தான் தகராறு. அமீரகம் 2021இல் ஒரு வழி கண்டது. 48 மணி நேரச் சான்றோடு, ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்பு விமான நிலையத்திலேயே இன்னொரு விரைவுச் சோதனை. தொலைவுப் பிரச்சினையைப் பாதி தீர்த்ததுபோல் தெரியும். ஆனால் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தவருக்கு 'பாசிட்டிவ்' என்ற செய்தி கிடைப்பது வாசலில். திரும்பிப்போகும் செலவும் அவருடையதே. 1883ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றிய ஒரு வரி இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இன்னோர் ஆட்சேபம் இருக்கிறது, முதலாவதைவிடக் கனமானது. அன்று போனது கூலியாட்கள், கூட்டிப்போனது முதலாளி. ஆகவே முதலாளி கொடுத்தான். இன்று போவது அவரவர் விருப்பத்தில் போகும் தனிப் பயணி; உல்லாசக் கப்பல் பார்க்கப் போகிறவருக்கு யார் முகாம் நடத்துவது? உல்லாசப் பயணியைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ளலாம். கப்பல் டிக்கெட் வாங்க முடிந்தவருக்கு ஒரு சோதனைச் செலவு பெரிதல்ல. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் தமிழ்நாட்டிலிருந்து இந்தச் சான்றுக்கு அலைந்தவர்களில் எத்தனை பேர் கப்பல் பார்க்கப் போனவர்கள்? வளைகுடாவுக்குத் திரும்பிய கட்டடத் தொழிலாளி, சிங்கப்பூருக்குப் போன பெர்மிட்காரர், கப்பல் சமையலறைக்கும் இயந்திர அறைக்கும் போன பையன்கள். இவர்களுக்கும் முதலாளி உண்டு. மாலுமிகள் விஷயத்தில் கப்பலேறும் முன் தனிமையும் சோதனையும் கட்டாயமானபோது, பல கம்பெனிகள் ஓட்டலில் தங்கவைத்து அந்தச் செலவை ஏற்றன. ஏனென்றால் ஆள் வராவிட்டால் கப்பல் நகராது. ஆவடியின் கணக்கு சாகவில்லை, ஆள் பற்றாக்குறை இருந்த துறையில் மட்டும் பிழைத்திருந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். கட்டடத் தொழிலாளி விஷயத்தில் ஒருவர் போனால் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஆகவே குச்சிக்கும் அறைக்கும் பஸ்ஸுக்கும் அவரே கொடுத்தார்.

விஞ்ஞானம் முன்னேறிவிட்டது, ஒரு வாரம் அடைத்துவைப்பதைவிடச் சில மணி நேரச் சோதனை மேல் என்பார்கள். மேல்தான். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. முகாம் நோய் அடைகாக்கும் காலத்தைப் பார்த்திருந்தது. பிசிஆர் ஒரு நிமிஷத்தைப் படமெடுக்கிறது. அந்தப் படம் சீக்கிரம் பழசாகிவிடும் என்பதால்தான் 72, 48 என்று மணிக்கணக்கு வந்தது, மணிக்கணக்கு வந்ததால்தான் தொலைவு குற்றமானது. சான்றின் ஆயுள் நீளமாக இருந்தால் நிலைமை எப்படி மாறும் என்பதற்குக் கிண்டியில் ஓர் உதாரணம் இருக்கிறது. மாகாணத்துக்கெல்லாம் அம்மைப்பால் தயாரிக்கத் தொடங்கிய கிங் நிலையம்தான், 2020இல் சென்னையில் கொரோனா மாதிரிகளை முதலில் சோதித்த ஆய்வகம். ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு இன்றும் அங்கேதான் அல்லது துறைமுகச் சுகாதார அலுவலகத்துக்குத்தான் வர வேண்டும். பள்ளிப்பட்டுக்காரருக்கு அதுவும் ஒரு நாள் அலைச்சலே. ஆனால் 2016 ஜூலைக்குப் பிறகு அந்த மஞ்சள் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால் சரி, எந்த ஊரிலிருந்து எந்தக் கிழமை கிளம்பினாலும் யாரும் கேட்பதில்லை. முன்பு பத்து வருஷத்துக்கு ஒரு முறை அலைந்தவர்கள் இப்போது ஒரே முறை அலைகிறார்கள்.