மூன்றணாவும் பதினைந்தணாவும்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயினும் 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஏழையின் கைக்காசு பாரதத்தின் பேரம்பலமாகிய பாராளுமன்றத்திலேயே ஏறிற்று. அந்த வழக்கின் வரலாற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

அம்மாதத்தில் ஆச்சார்ய கிருபளானி, நேரு அரசாங்கத்தின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர பாரதத்தில் அத்தகைய தீர்மானம் விவாதிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. இடைத்தேர்தலில் வென்று அவைக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ராம் மனோகர் லோகியா அவ்விவாதத்தில் எழுந்து, இந்நாட்டு மக்களில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் காலந்தள்ளுகின்றனர் என்று முழங்கினார். 1957ஆம் ஆண்டிலேயே நயா பைசா வந்துவிட்டபோதிலும், மக்கள் நாவில் அணாக் கணக்கு மறையவில்லை. பிரதமர் நேரு திட்டக் கமிஷனின் கணக்கைக் காட்டி, மூன்றணா அன்று, பதினைந்தணா என்றார். திட்ட அமைச்சராக இருந்த குல்ஜாரிலால் நந்தாவோ ஏழரை அணா என்றார்.

ஒரே நாட்டு மக்களுக்கு மூன்று கணக்குகள்! இது எவ்வாறு நேர்ந்தது? பதினைந்தணா என்பது, நாட்டின் மொத்த வருமானத்தை எல்லாத் தலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஈவு. ஆலை முதலாளியும் அவருடைய ஆலையில் மூட்டை சுமப்பவரும் அதில் ஒவ்வொரு தலைதாம். ஏழரை அணா என்பது, கீழ்ப்படியிலுள்ள சுமார் 60 சதவிகித மக்களை மட்டும் பிரித்துப் பார்த்த கணக்கு. லோகியாவின் எண்ணை அரசாங்கம் ஏற்கவில்லை. எனினும், கேள்வி சரியாகக் கேட்கப்பட்டவுடன், அரசாங்கத்தின் வாய்மொழியிலேயே பதினைந்து பாதியாகக் குறைந்துவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் அது யாரைப் பற்றியும் சொல்வதுமில்லை.

இவ்வாறு மக்களைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் ஆற்றல் நாட்டுக்கு எங்கிருந்து வந்தது? கல்கத்தாவில் 1931ஆம் ஆண்டு இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேராசிரியர் மகலநோபிஸ், 1950ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு தொடங்கக் காரணமாயிருந்தார். எல்லா வீடுகளையும் கேட்பதற்கு மாறாக, முறைப்படி தேர்ந்தெடுத்த சில கிராமங்களில், சில வீடுகளில் மட்டும் கேட்பது அதன் முறை. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய்க்கும் துணிக்கும் என்ன செலவு என்று ஆய்வாளர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதினர். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நம் பாட்டிமாரின் அறிவே ஒரு சாஸ்திரமாயிற்று எனலாம்.

இவ்வாய்வில் குடும்பம் என்பது ஒரே அடுப்பில் உண்பவர் கூட்டம். ஊரை விட்டுப் பம்பாய்க்கும் தில்லிக்கும் வந்த நம்மவர் இதன் பொருளை எளிதில் உணர்வர். நகரத்தில் தனியாகச் சமைத்து உண்ணும் மகன் ஒரு குடும்பம். அவன் அனுப்பும் மணியார்டரை எதிர்நோக்கி ஊரில் அடுப்பு மூட்டும் தாய் வேறொரு குடும்பம். இருவர் செலவையும் கூட்டிச் சராசரி கண்டால் தாயின் பட்டினி மறைந்துவிடும்.

நேருவும் இதனை அறியாதவர் அல்லர். மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் பற்றி 1960இல் பாராளுமன்றம் ஆராய்ந்தபோது, நாட்டில் பெருகிய செல்வம் எங்கே சென்றது என்று வினவியவர் அவரே. அதன் விளைவாக மகலநோபிஸ் தலைமையில் அமைந்த கமிட்டி, 1964இல் அளித்த அறிக்கையில், தனியார் துறையில் பொருளாதார ஆதிக்கம் சிலரிடம் குவிந்திருப்பதை எடுத்துரைத்தது. இதற்கிடையே 1962ஆம் ஆண்டு அறிஞர் குழு ஒன்று, 1960-61ஆம் ஆண்டு விலைவாசிப்படி, ஒருவர் குறைந்தபட்சம் வாழ மாதம் 20 ரூபாய் வேண்டும் என்று வரையறுத்திருந்தது. அஃதாவது நாளுக்குப் பத்தரை அணாவுக்குச் சற்று மேல். அமைச்சர் கூறிய ஏழரை அணாவை இதனோடு ஒப்பிட்டால், வழக்கில் வென்றவர் யார் என்ற கேள்வியே சிறுத்துவிடுகிறது.

1971ஆம் ஆண்டு பூனாவிலுள்ள கோகலே கழகத்தைச் சேர்ந்த தாண்டேகர், ரத் ஆகிய இரு பேரறிஞர்கள் இம்மாதிரி ஆய்வின் எண்களைக் கொண்டு ‘இந்தியாவில் வறுமை’ என்னும் நூலை வெளியிட்டனர். கிராமத்தில் மாதம் 15 ரூபாயும் நகரத்தில் 22 ரூபாய் 50 காசும் இல்லாதவர்க்குப் போதிய உணவு கிட்டாது என்று அவர்கள் கணக்கிட்டனர். 1960-61இல் கிராமத்தாரில் சுமார் 40 சதவிகிதத்தினரும் நகரத்தாரில் சுமார் 50 சதவிகிதத்தினரும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். நகரத்து வறுமை, கிராமத்து வறுமை வழிந்தோடி வந்ததே என்பதும் அவர்கள் கண்ட முடிவு. ஆகவே கிராமத்திலேயே வேலைக்கு உறுதி அளிக்க வேண்டும் என்றனர். மகாராஷ்டிரம் அத்தகைய உறுதிக்கு 1977இல் சட்டம் இயற்றியது. பாரதம் முழுமைக்குமான சட்டம் 2005இல் பிறந்தது. கணக்கு ஏட்டோடு நின்றுவிடவில்லை; கூலியாகவும் வந்தது.

ஆயினும் அளவுகோலை ஒருமுறை செய்துவிட்டால் போதாது. அதனைத் தொடர்ந்து பயன்படுத்தவும் வேண்டும். 2017-18ஆம் ஆண்டு நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை, விவரங்களின் தரம் போதாது என்று கூறி அரசாங்கம் வெளியிடவில்லை. அதனால் 2011-12க்குப் பின் அடுத்த ஆய்வு 2022-23ஆம் ஆண்டுக்கு உரியதாயிற்று. அதன் விவரங்கள் 2024இல் முழுமையாக வெளிவந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏழை எத்தனை பேர் என்று அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்குக் கூறி வாதிட்டனர். எண் இல்லாத இடத்தில் உரத்த குரலே எண்ணாகிவிடுகிறது.

நாட்டின் வருமானம் இத்துணை உயர்ந்தது என்ற செய்தியைக் கேட்கும்போது நாம் மகிழ்வோம். அது நம் உழைப்பின் பயன். ஆனால் அடுத்த கணமே, அதில் யாருக்கு எத்தனை அணா என்று கேட்கவும் மறவாதிருப்போம். லோகியாவின் எண் பிழையாக இருக்கலாம். அவர் கேட்ட கேள்வியில் பிழையில்லை.