நாதஸ்வரத்தில் தொங்கும் ஊசி எதற்கு?

திருப்போரூர் கந்தசுவாமி கோயிலின் மாசிப் பிரம்மோற்சவம் ஆகட்டும், செங்கல்பட்டில் நடக்கும் ஒரு கல்யாணம் ஆகட்டும், நாதஸ்வரத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். அதன் மேல் பகுதியில் கயிற்றில் கட்டிய சில சிறு பொருள்கள் தொங்கிக்கொண்டிருக்கும். பலரும் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அவை மாற்றுச் சீவாளிகளும் ஒரு சிறிய ஊசியும் தான். கருவியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள உதவும் சாமான்கள்!

நாதஸ்வரத்தின் நீண்ட மரக்குழலுக்கு உலவு என்று பெயர். கீழே விரிந்திருக்கும் வாய் அணசு. மேலே செருகும் சிறிய உலோகக் குழாய் கெண்டை. அதன் மேல் பொருத்தி வாயில் வைத்து ஊதுவது சீவாளி. உலவு ஆச்சா மரத்தில் செய்யப்படுகிறது. புது மரம் உலரும்போது வெடிக்கும் என்பதால், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பல பத்தாண்டு வயதான மரத்தையே ஆசாரிகள் தேடி வாங்குவார்கள். நன்றாகக் காப்பாற்றினால் ஓர் உலவு தலைமுறை கடந்தும் நிற்கும்.

சீவாளி அப்படியல்ல. காவிரிக் கரையில் வளரும் நாணல் தட்டையை வெட்டி, உலர்த்தி, வேகவைத்துப் பதப்படுத்திச் செய்வது அது. வாயில் வைத்து ஈரப்படுத்தினால் தான் இளகிப் பேசும். ஆனால் வாசிக்க வாசிக்க அதே எச்சில் உள்ளே தங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது தான் ஊசி வேலைக்கு வருகிறது. சீவாளியின் இதழ்களுக்கு நடுவே அதை நுழைத்து அடைப்பை எடுத்து, காற்றுக்கு வழி செய்வார்கள். அந்த ஊசியை முன்பு யானைத் தந்தத்திலும் செய்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-ல் கொண்டுவந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்குத் தடை போட்டது.

சுருதி சேர்ப்பதும் பராமரிப்பில் ஒரு பகுதி தான். விரல் வைக்கும் ஏழு துளைகளைத் தவிர, கீழே இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் தேவையான அளவு அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள்.

இந்தக் கருவியின் வரலாற்றில் பெரிய மாற்றம் 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதுவரை வழக்கில் இருந்தது குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி நாதஸ்வரம். அதில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசவில்லை என்பது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) குறை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைத் தீர்க்க நீளமான பாரி நாதஸ்வரத்தை உருவாக்கினார். குழல் பெரிதானபோது சீவாளியும் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது. எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும், மேலே இருக்கும் நாணல் ஒத்துழைக்காவிட்டால் ஒலி இல்லையே!

மேல்நாட்டு ஓபோவும் இரட்டை நாணல் கருவி தான். அதன் நாணலையும் நனைத்த பிறகே வாசிக்கிறார்கள். குழலுக்குள் சேரும் ஈரத்தைத் துணியாலோ பறவை இறகாலோ துடைத்து எடுக்கிறார்கள். நாடு எதுவானாலும் நாணலின் குணம் ஒன்று தான்.

காலையில் பூபாளம், இரவில் நீலாம்பரி என்று கோயிலில் வேளைக்கு வேளை வாசித்த காலத்தில், இந்தப் பராமரிப்பு தனி வேலையாக இருக்கவில்லை. தினமும் வாசித்ததால் தினமும் துடைத்தார்கள், ஊசி போட்டார்கள், எந்தச் சீவாளி நன்றாகப் பேசும் என்று பார்த்துப் பழகினார்கள். அருகில் உட்கார்ந்த சிறுவனும் அதைப் பார்த்தே கற்றுக்கொண்டான். இன்று பல கோயில்களில் பூஜை நேரத்தில் மின்சார மேளம் அடிக்கிறது. அதற்கு ஒரு சுவிட்ச் போதும்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022 மார்ச்சில் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி தான். மரம் கடையும் ஊரின் பெயரை அது காப்பாற்றும். ஆனால் சீவாளி வாங்கவும் ஊசி போடவும் தினமும் வாசிக்கிற ஆள் வேண்டும். திருவிழாவுக்கு மட்டும் நாதஸ்வரத்தைக் கூப்பிட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் மின்சார மேளத்தை ஓடவிட்டால், குழல் பத்திரமாக இருக்கும், அதைப் பேச வைக்கும் பழக்கம் தான் போய்விடும்.