மானிப்பாய் டாக்டர்

சென்ற மாதம் என் தங்கை மகன் வந்திருந்தான். டாக்டர் படிப்பை முடித்துவிட்டு ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறவன். முகத்தில் களையே இல்லை.

"காலையிலிருந்து ராத்திரி வரை பார்த்தாலும் வெளியே வரிசை குறைவதில்லை, மாமா. இந்த இரண்டு கையை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு என்ன செய்துவிட முடியும்?" என்றான்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். வைத்தியனுக்கு வழி சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனாலும் இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே பதிலாகத் தந்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சாமுவேல் பிஷ் கிறீன் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரத்துக்காரர். 1822-ல் பிறந்தவர். கிறிஸ்தவ மிஷன் டாக்டராக 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்துதான். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டே மானிப்பாய். அங்கேதான் அவருடைய ஆஸ்பத்திரி நிலைபெற்றது.

நோயாளிகளுக்கா பஞ்சம்? கிறீன் நாள் முழுதும் பார்த்தார். ஆனால் ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அவருக்கும் இரண்டே கைகள்தாம். ஆகவே 1848-லேயே சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில்தான் பாடம். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஆங்கிலத்தில்தானே இருந்தது!

பையன்கள் நன்றாகவே படித்தார்கள். சங்கடம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆங்கிலமும் வைத்தியமும் சேர்ந்து கைக்கு வந்துவிட்டால், நல்ல சம்பளமுள்ள உத்தியோகம் எங்கேயோ காத்திருக்கிறது. கிராமத்தில் யார் தங்குவார்கள்? அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. குடும்பம் என்று ஒன்று அவர்களுக்கும் உண்டல்லவா? ஆனால் யாருக்காகப் பாடம் தொடங்கினாரோ, அந்தக் கிராமத்து ஜனங்களுக்கு மிச்சம் என்ன?

கிறீன் இந்த இடத்தில் மனம் சோர்ந்திருந்தால் நாம் குறை சொல்ல மாட்டோம். அவரோ தமிழைப் பிடித்துக்கொண்டார். 1857-ல் தாய்நாட்டுக்குப் போய், 1862-ல் மானிப்பாய்க்குத் திரும்பிவந்தவர், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கலானார்.

சொல்வதற்கு எளிது. புத்தகம் வேண்டாமா? எலும்புக்கும் நரம்புக்கும் சொல் வேண்டாமா? முதல்முறை வந்திருந்தபோதே மொழிபெயர்ப்பில் கை வைத்திருந்தார். 1857-ல் 'பிரசவ வைத்தியம்' வெளிவந்தது. 1867-ல் 'இரண வைத்தியம்' வந்தது. சத்திர சிகிச்சையைச் சொல்லும் நூல். 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்'. உடம்பின் அமைப்பைச் சொல்லும் சாஸ்திரத்துக்கு அங்காதிபாதம் என்று பெயர்; உடம்பு இயங்கும் விதத்தைச் சொல்வது சுகரணம். ரசாயனத்துக்கு என்ன வைத்தார் தெரியுமா? 'கெமிஸ்தம்'! ஆங்கிலச் சொல்லுக்கு வேட்டி கட்டிவிட்டது மாதிரி இருக்கிறதல்லவா? இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவரும் அவருடைய மாணவர்களும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து மொழிபெயர்த்த காலத்தில், பின்பற்ற அவர்களுக்கு முன்மாதிரி அதிகம் இல்லை. அந்நிய மொழியைத் தாமே கற்று, அதில் சொல் தேடிச் சொல் தேடி எழுதியவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

1873-ல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884-ல் காலமானார். அவரிடம் வைத்தியம் கற்றவர்கள் அறுபதுக்கு மேல். அவர்களில் பலர் தமிழிலேயே கற்றவர்கள். தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்ற பொருள்பட உஸ்டரில் அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் சரித்திரம் நம் சௌகரியத்துக்கு முடிவதில்லை. கிறீனுக்குப் பிறகு தமிழில் வைத்தியம் கற்பிக்கும் முயற்சி நீடிக்கவில்லை. உத்தியோகம் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தது; படிப்பும் அந்தப் பக்கமே போயிற்று. அவருடைய நூல்கள் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிக்கும் பழம் புத்தகங்களாகிவிட்டன.

"அப்படியானால் பாடுபட்டதெல்லாம் வீண்தானே, மாமா?" என்று என் மருமகன் கேட்டான்.

வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் வர வழியில்லாத ஒரு கிராமத்தில், நடுராத்திரியில் பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் படித்த ஒருவன் விளக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், நூல் பின்னால் நிலைத்ததா இல்லையா என்பதா அவளுக்குக் கவலை? கிறீன் தம் கையை மட்டும் நம்பியிருந்தால் அந்த வீட்டில் விளக்கு எரிந்திராது. தம்மிடம் இருப்பது என்ன என்று அவர் முதலில் பார்த்தார். அதை எந்த உருவத்தில் கொடுத்தால் தாம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும் என்று பிறகு பார்த்தார். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் ஒரு புது மொழியையே கற்றுக்கொண்டார்.

பையன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மா இருக்கிறார், மாமா. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான்.