பாதியில் நின்ற சுரங்கம்

உடனடிப் பயன் தராத அறிவுக்கு ஒரு நாடு எவ்வளவு செலவிடலாம்? ஏழைகளின் வரிப்பணமும் சேர்ந்த கருவூலத்திலிருந்து அச்செலவைச் செய்வது முறைதானா? இவ்வினாக்களைச் செல்வச் செழிப்பு மிக்க அமெரிக்காவே எதிர்கொள்ள நேர்ந்தது. அவ்வரலாற்றை நாம் சற்று நின்று நோக்குவது நன்று.

1969-ஆம் ஆண்டில், சிகாகோ நகருக்கு அருகே மாபெரும் துகள் முடுக்கி ஒன்றை அமைக்க நிதி வேண்டி, இயற்பியல் அறிஞர் ராபர்ட் வில்சன் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்றின் முன் நின்றார். நாட்டின் பாதுகாப்புக்கு இக்கருவி எவ்வகையில் உதவும் என்று செனட்டர் ஜான் பாஸ்டோர் வினவினார். நேரடியாக உதவாது, ஆயினும் இந்நாட்டைப் பாதுகாக்கத் தகுந்த நாடாக ஆக்க உதவும் என்பதே வில்சன் அளித்த விடையின் சாரம். ஓவியம், சிற்பம், கவிதை ஆகியவற்றின் வரிசையிலேயே அவர் அறிவியலையும் வைத்தார். நிதி கிடைத்தது, ஒதுக்கிய தொகைக்குள்ளேயே பணியும் நிறைவுற்றது.

1987-இல் அதிபர் ரீகன் அதனினும் பன்மடங்கு பெரிய திட்டத்திற்கு இசைவளித்தார். டெக்சாஸ் மாநிலத்தில், வாக்ஸஹாச்சி என்னும் சிற்றூரைச் சுற்றி, நிலத்தடியில் 87 கிலோமீட்டர் நீள வளையச் சுரங்கம். அதனுள் எதிரெதிரே விரையும் புரோட்டான்கள் மோதும்போது பொருளின் அடிப்படை இயல்பு வெளிப்படும். 'சூப்பர் கொலைடர்' எனப்பட்ட இதற்கு முதலில் மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ 440 கோடி டாலர். 1993-இல் அது 1,100 கோடியைத் தாண்டியது.

இதற்கிடையே 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. போட்டியிட எதிரி இல்லாமற் போனான். அரசின் பற்றாக்குறையோ மக்கள் மன்றத்தில் பெரும் பேச்சாயிற்று. நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன் போன்ற இயற்பியலாரே, ஒரே கருவி பெருந்தொகையை விழுங்கினால் சிறு ஆய்வுகள் நலியும் என எதிர்த்தனர். தேசப் பெருமையாகத் தொடங்கப்பட்ட திட்டத்தில் பிற நாடுகளைப் பங்காளிகளாக்கக் காலந்தாழ்ந்தே முயன்றனர். எதிர்பார்த்த பொருளுதவி வரவில்லை. 1993 ஜூன் மாதத்தில் பிரதிநிதிகள் சபையில் விண்வெளி நிலையத் திட்டம் ஒரே ஒரு வாக்கில் தப்பியது. மறுநாளே அச்சபை முடுக்கியைக் கைவிட வாக்களித்தது. அவ்வாண்டு அக்டோபரில் திட்டம் முற்றாகக் கைவிடப்பட்டது. அதற்குள் சுமார் 200 கோடி டாலர் செலவாகி, 20 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கமும் தோண்டப்பட்டிருந்தது.

கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது வேறு. போரால் சிதைந்த ஐரோப்பாவில், நேற்றுவரை பகைவராயிருந்தோர் உட்பட 12 நாடுகள் கூடி 1954-இல் ஜெனீவாவுக்கு அருகே 'செர்ன்' ஆய்வுக்கூடத்தை நிறுவின. ஒவ்வொரு நாடும் தன் வருமானத்திற்கேற்பப் பங்களிக்கிறது. உடன்படிக்கையால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு நாட்டின் ஓராண்டு வரவுசெலவுத் திட்டம் மட்டும் அதனைச் சாய்த்துவிட இயலாது. முந்தைய கருவிக்காகத் தோண்டிய 27 கிலோமீட்டர் சுரங்கத்திலேயே புதிய முடுக்கியை அமைக்க 1994 டிசம்பரில் முடிவாயிற்று. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசானைக் கண்ட செய்தி அங்கிருந்து வந்தது. அம்முடுக்கிக்கு உறுப்புகள் அளித்த நம் நாடும் 2017-இல் இணை உறுப்பினரானது.

இன்னொன்றையும் நாம் கருதவேண்டும். டெக்சாஸ் சுரங்கம் கைவிடப்பட்ட அதே 1993-இல்தான், ஆய்வாளர் தம்முள் செய்தி பகிர உருவாக்கிய உலகளாவிய வலையைச் செர்ன் எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. துகளைத் தேடியவர்கள் கேளாமலே உலகிற்குக் கிடைத்த கனி அது.

ஆயினும் இத்தகைய கனியைக் காட்டி மட்டுமே ஆய்வை நியாயப்படுத்துவது முறையன்று. கனி எப்போதும் வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. டெக்சாசில் மறுத்தவர்களும் அறிவின் பகைவர் அல்லர். செலவைத் தொடக்கத்திலேயே உள்ளவாறு உரைப்பதும், சுமையைப் பலரோடு பகிர்வதும், பிறர் வயிற்றையும் நினைப்பதும் அறிவைத் தேடுவோரின் கடமைகள். அவை நிறைவேறிய பின்னரும், 'இதனால் என்ன பயன்?' என்று மட்டுமே கேட்கும் சமுதாயம், வில்சன் சொன்ன அந்தத் தகுதியைத் தானே குறைத்துக்கொள்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.